இணையக் காணொளி நடந்து வந்த பாதை



கைப்பேசித் திரையை விரலால் தொடுகிறோம். எங்கோ ஒரு நாட்டில் இருப்பவர் நம் கண்முன் பேசத் தொடங்குகிறார். இஃது எப்படி நிகழ்கிறது என்று நாம் கேட்பதில்லை. ஓடும்வரை கேட்கத் தோன்றுவதும் இல்லை. அது நின்று, திரையின் நடுவில் ஒரு வட்டம் சுழலத் தொடங்கும்போதுதான் நமக்குக் கேள்வியும் சினமும் ஒருசேரப் பிறக்கின்றன.

2020 மார்ச் 18 அன்று நம் நாட்டில் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் என்னும் புதிய உலகுக்குள் நாம் அனைவரும் ஒரே நாளில் தள்ளப்பட்டோம். அந்நாளில் என் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, ஏன் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. "இணையம் மெதுவாக இருக்கிறது" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். பிறகு விடையைத் தேடிப் படித்தேன். அத்தேடலின் பயன்தான் இக்கட்டுரை. தேடத் தேட, ஆசிரியன் என்ற முறையில் நான் செய்த பிழை ஒன்றும் வெளிப்பட்டது. அதை மறைக்காமல் இறுதியில் எழுதியிருக்கிறேன்.

1. கோபுரமும் கம்பியும்

நம் நாட்டில் கல்வித் தொலைக்காட்சி 1972-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பள்ளியில் இருந்த ஒற்றைத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் வரிசையாக அமர்ந்து பாடம் பார்த்த நினைவு நம்மில் பலருக்கு இருக்கும். அதில் ஒரு குறை உண்டு. பாடம் ஒளியேறும் நேரத்தில் நாம் அங்கே இருக்க வேண்டும். தவறினால் தவறியதுதான். ஆனால் அதில் ஒரு பெரிய நிறையும் உண்டு. ஒளிபரப்புக் கோபுரம் வீசும் அலையைப் பத்துப் பேர் பார்த்தாலும் பத்து இலட்சம் பேர் பார்த்தாலும் கோபுரத்துக்கு ஆகும் செலவு ஒன்றே. கடைசியாக வந்து சேரும் பார்வையாளரால் முன்னே இருப்பவர்க்கு எந்த இடையூறும் இல்லை.

இணையத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அது தொலைபேசி போன்றது. ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஒரு தனிப்படி அனுப்பப்பட வேண்டும். நொடிக்கு 1 மெகாபிட் தேவைப்படும் காணொளியை 30 மாணவர் பார்த்தால் அனுப்புமிடத்தில் 30 மெகாபிட் வேண்டும். 3 இலட்சம் பேர் பார்த்தால் 3 இலட்சம் மெகாபிட் வேண்டும். கூட்டம் கூடக் கூடச் சுமையும் கூடும்.

இணையக் காணொளியின் வரலாறு முழுவதும் இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே சுழல்கிறது. சுருக்குதல், அருகில் வைத்தல், துண்டாக்குதல் என்னும் மூன்று வழிகளால் அறிஞர்கள் இதைத் தீர்த்தனர்.

2. ஒரு காப்பிக் குடுவையின் கதை

முதலில் ஒரு சிறு கதை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் டிரோஜன் அறை என்று ஓர் அறை இருந்தது. அதன் அருகே ஒரு காப்பிக் குடுவை. வேறு மாடிகளில் பணியாற்றிய ஆய்வாளர்கள் படியேறி வந்து பார்த்தால் பல வேளைகளில் குடுவை காலியாக இருக்கும். 1991-இல் குவெண்டின் ஸ்டாஃபர்ட் பிரேசரும் பால் ஜார்டெட்ஸ்கியும் குடுவையை நோக்கி ஒரு படக்கருவியைப் பொருத்தினர். 128 புள்ளி நீளம், 128 புள்ளி அகலம் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று முறை எடுக்கப்பட்டு அவரவர் கணினிக்குச் சென்றது. 1993 நவம்பரில் அது வையவிரிவு வலையிலும் இணைக்கப்பட்டது. உலகின் எம்மூலையில் இருப்பவரும் கேம்பிரிட்ஜில் காப்பி இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றாயிற்று!

2001 ஆகஸ்ட் 22 அன்று அந்தப் படக்கருவி நிறுத்தப்பட்டது. காப்பிக் கருவி ஏலத்தில் 3,350 பவுண்டுக்கு விலைபோனது. ஜெர்மனியின் ஸ்பீகல் இணைய இதழ் அதை வாங்கியது.

இக்கதையில் ஒரு செய்தி இருக்கிறது. நிமிடத்துக்கு மூன்று படம் என்பது காணொளியே ஆகாது. ஆயினும் அது பயன்பட்டது. பார்ப்பவருக்கு வேண்டிய விடை "காப்பி இருக்கிறதா, இல்லையா?" என்பது மட்டுமே. அதற்கு அந்த மங்கிய படம் போதுமானதாக இருந்தது. இதைப் பின்னால் நினைவுகூர்வோம்.

3. சுருக்கும் கலை

இனி ஒரு கணக்கு. உங்கள் மாணவர்க்கும் இதைக் கொடுத்துப் பார்க்கலாம். 640 புள்ளி அகலமும் 480 புள்ளி உயரமும் கொண்ட ஒரு வண்ணப்படம். ஒரு புள்ளிக்கு 24 பிட். நொடிக்கு 25 படம். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 18 கோடியே 43 இலட்சத்து 20 ஆயிரம் பிட் வருகிறது. 1990-களின் இறுதியில் நம் வீடுகளில் இருந்த தொலைபேசிவழி இணைப்பு மிகச் சிறந்த நிலையிலும் நொடிக்கு 56 ஆயிரம் பிட்டுக்கு மேல் இறக்காது. அப்படியானால் ஒரு நொடிக் காட்சி வந்து சேர ஏறத்தாழ 55 நிமிடம் ஆகும்!

ஆகவே காட்சியைச் சுருக்க வேண்டும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையக்கூடாது. அதற்கான அடிப்படைக் கணிதத்தைத் தந்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர், 1972-இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் ஆய்வு நிதி கேட்டு விண்ணப்பித்தார். நிதி கிடைக்கவில்லை. கருத்து மிக எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கருதியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அவர் மனம் தளரவில்லை. தம் மாணவர் டி. நடராஜன், டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே. ஆர். ராவ் ஆகியோரோடு சேர்ந்து 1974 ஜனவரியில் அவ்வாய்வை வெளியிட்டார். இவர்களுள் ராவ், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1952-இல் பட்டம் பெற்றவர்.

அவர்கள் கண்ட முறை, தமிழில் சொன்னால், தனித்த கோசைன் உருமாற்றம். படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் மாற்றங்களையும் நுண்ணிய மாற்றங்களையும் தனித்தனியே பிரித்துவிட இது உதவுகிறது. நுண்ணியவற்றில் பலவற்றை நீக்கினாலும் மனிதக் கண் அறியாது. இத்துடன் இன்னொன்றும் சேர்ந்தது. ஆசிரியர் கரும்பலகை முன் நின்று பேசுகிறார். கரும்பலகை மாறுவதில்லை, உதடும் கையும் மட்டுமே அசைகின்றன. ஆகவே ஒவ்வொரு முறையும் முழுப்படத்தையும் அனுப்பாமல், மாறியதை மட்டும் அனுப்பினால் போதும்.

இவ்விரண்டையும் இணைத்து, 1988-இல் எச்.261 என்னும் தரம் வகுக்கப்பட்டது. குறுவட்டில் திரைப்படம் பார்க்க உதவிய எம்பெக்-1 தரம் 1993-இலும், இன்றும் பரவலாகப் பயன்படும் எச்.264 தரம் 2003-இலும் வந்தன. நிதி மறுக்கப்பட்ட அந்த "எளிய" கருத்தின் வழித்தோன்றல்கள்தாம் இவை. மாணவன் ஒருவன் எளிய விடையைச் சொன்னால் உடனே தள்ளிவிடக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

4. நேரலையின் முதல் அடிகள்

சுருக்கியாயிற்று. இனி அனுப்ப வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிப்படி அனுப்பாமல், ஒரே படியை அனுப்பி, வழியில் பாதை பிரியும் இடங்களில் மட்டும் படியெடுத்தால் என்ன? இந்தப் பன்முக அனுப்புதலை ஸ்டீவ் டீரிங் என்னும் ஆய்வாளர் வகுத்தார். 1992 மார்ச்சில் சான் டியேகோ நகரில் நடந்த இணையப் பொறியாளர் மாநாட்டின் ஒலி இம்முறையில் மூன்று கண்டங்களில் 20 இடங்களுக்குச் சென்றது. இதற்கென இணையத்தின் மேல் அமைந்த ஆய்வு வலையமைப்புக்கு எம்போன் என்று பெயர்.

1993 ஜூன் 24 அன்று, கலிபோர்னியாவின் செராக்ஸ் ஆய்வு மையத்தில், கணினி வல்லுநர்களே உறுப்பினராக இருந்த சிவியர் டயர் டேமேஜ் என்னும் இசைக்குழு வாசித்தது எம்போன் வழியே நேரலையாகச் சென்றது. மறு ஆண்டு 1994 நவம்பர் 18 அன்று புகழ்பெற்ற ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் டல்லஸ் நகர நிகழ்ச்சியின் ஒரு பகுதி அவ்வாறே ஒளியேறியது. அதற்குச் சற்று முன்னர், யாரும் அழைக்காமலேயே, அந்தக் கணினி வல்லுநர் குழு அதே வலையமைப்பில் தோன்றி வாசித்தது! இணையத்தில் மேடை யாருக்கும் திறந்தே இருக்கும் என்பதை அன்றே அவர்கள் காட்டிவிட்டார்கள்.

எனினும் எம்போன் வீடுகளை எட்டவில்லை. வழியில் உள்ள ஒவ்வொரு திசைவியும் படியெடுக்கும் பணிக்கு ஒத்துழைக்க வேண்டும். பல்லாயிரம் நிறுவனங்களின் கையில் இருக்கும் இணையத்தில் அந்த ஒத்துழைப்பு கிடைக்கவில்லை. கோபுரத்தைப்போல் இணையத்தை ஆக்கும் முயற்சி அங்கே நின்றது.

5. பீப்பாயில் பிடித்த நீர்

அடுத்து வந்தவர் ராப் கிளேசர். மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் பணியாற்றிய இவர் 1994-இல் சியாட்டிலில் தொடங்கிய நிறுவனம், 1995 ஏப்ரலில் ரியல்ஆடியோ என்னும் மென்பொருளை வெளியிட்டது. அதுவரை ஒலிக்கோப்பு முழுவதும் இறங்கி முடிந்த பிறகே கேட்க முடியும். இதிலோ இறங்கிக்கொண்டிருக்கும்போதே கேட்கலாம். ஸ்ட்ரீமிங் என்று உலகம் அழைக்கும் இம்முறையைத் தாரை என்று நாம் சொல்லலாம். அவ்வாண்டு செப்டம்பர் 5 அன்று சியாட்டில் மரினர்ஸ், நியூயார்க் யாங்கீஸ் அணிகள் மோதிய பேஸ்பால் ஆட்டத்தின் வருணனை இணையத்தில் நேரடியாகச் சென்றது. 1997-இல் ரியல்வீடியோ வந்தது. தபால்தலையைவிடச் சற்றே பெரிதான சாளரத்தில் மங்கலாக அசையும் உருவங்களை வியந்து பார்த்த காலம் அது.

அந்தச் சுழலும் வட்டம் இதன் உள்ளேயிருந்துதான் பிறந்தது. தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். குழாயில் நீர் சில வேளை வேகமாக வரும். சில வேளை சொட்டும். ஆகவே முதலில் பீப்பாயில் பிடித்து வைப்போம். பிறகு பீப்பாயிலிருந்து முகந்துகொள்வோம். குழாய் சிறிது நேரம் நின்றாலும் குளியல் நிற்காது. இணையக் காணொளியும் அப்படித்தான். வருகின்ற தரவைச் சில நொடிக்குச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டத் தொடங்குகிறது. பீப்பாய் வற்றிவிட்டால் மீண்டும் நிறையும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பின் அடையாளமே அந்த வட்டம். என் மாணவனின் கேள்விக்கு விடை இதுதான்.

6. அருகில் வைத்தல்

குழாயே தொலைவிலிருந்து வந்தால்? வையவிரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, வலையில் நெரிசல் பெருகப்போவதை முன்னுணர்ந்து, 1995-இல் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் தம் உடன்பணியாளர்களிடம் அதற்கு வழிகாணுமாறு கேட்டார். கணிதப் பேராசிரியர் டாம் லெய்டனும் அவர் மாணவர் டேனியல் லெவினும் அந்த அறைகூவலை ஏற்றனர். 1998-இல் அகமாய் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். ஹவாய் மொழியில் அச்சொல்லுக்கு அறிவுள்ள என்பது பொருள்.

அவர்கள் கருத்து நமக்குப் புதிதன்று. ஒரு தோட்டத்தில் இருநூறு குடும்பங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குடும்பமும் அரிசி வாங்கப் பினாங்குத் துறைமுகத்துக்குப் போனால் சாலை தாங்குமா? தோட்டத்து மளிகைக் கடையில் மொத்தமாக இறக்கி வைத்தால் ஒரு லாரி போதும். அதைப்போல, உலகெங்கும் பல இடங்களில் வழங்கிக் கணினிகளை வைத்து, மக்கள் அடிக்கடி கேட்பவற்றின் படியை அங்கேயே வைத்திருப்பது இம்முறை. எந்தப் பொருளை எந்தக் கணினியில் வைப்பது, கேட்பவரை எங்கே அனுப்புவது என்பதைக் கணிதம் முடிவு செய்தது. எம்போனால் முடியாதது இங்கே முடிந்தது. வழியில் உள்ளவர் யாரையும் மாறச் சொல்லாமல், ஓரங்களில் கடை வைத்தார்கள்.

இதில் ஒரு துயரமும் உண்டு. 2001 செப்டம்பர் 11 அன்று உலக வணிக மையத்தின் மீது முதலில் மோதிய விமானத்தில் லெவின் இருந்தார். அவருக்கு வயது 31. அன்று செய்தித் தளங்களை நோக்கி உலகமே திரண்டபோது, அந்த நெரிசலைத் தாங்க உதவியவற்றுள் அவர் உருவாக்கிய முறையும் ஒன்று.

இன்றும் இவ்வழியே தொடர்கிறது. நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2012 முதல் தன் படங்களைச் சேமித்த பெட்டிகளை இணையச் சேவை நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே வைத்து வருகிறது. நாம் காணும் படம் பல வேளைகளில் கடல் கடந்து வருவதில்லை. பக்கத்துக் கடையிலிருந்து வருகிறது.

7. எவரும் ஏற்றலாம்

2005 ஏப்ரல் 23 அன்று சான் டியேகோ விலங்குக்காட்சிச் சாலையில் யானைகளின் முன் நின்று ஜாவித் கரீம் பேசிய 19 நொடிக் காணொளி யூடியூப் தளத்தில் முதன்முதலாக ஏற்றப்பட்டது. சாட் ஹர்லி, ஸ்டீவ் சென் ஆகியோருடன் சேர்ந்து அத்தளத்தை அமைத்தவர் இவர். 2006 ஜூலையில் அங்கே நாள்தோறும் 10 கோடி முறை காணொளிகள் பார்க்கப்பட்டன. அவ்வாண்டு அக்டோபரில் கூகுள் நிறுவனம் அதை 165 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது.

வெற்றிக்குக் காரணம் என்ன? அதற்கு முன் காணொளியைக் காண ஒவ்வொரு நிறுவனத்தின் மென்பொருளையும் தனித்தனியே நிறுவ வேண்டியிருந்தது. பெரும்பாலான கணினிகளில் ஏற்கெனவே இருந்த பிளாஷ் என்னும் செருகியை யூடியூப் பயன்படுத்திக்கொண்டது. (அந்தச் செருகிக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது.) எந்த வடிவில் ஏற்றினாலும் தளமே அதை மாற்றிக்கொண்டது. நிகழ்ச்சி நேரத்துக்குக் காத்திருக்கும் வழக்கம் ஒழிந்து, விரும்பும் வேளையில் காணும் வழக்கம் எளியோருக்கும் வந்தது. 2006 மார்ச்சில் ஒரு காணொளி 10 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு வந்தது. அன்று அது தடையாகத் தோன்றியது. ஆனால் பத்து நிமிடத்துக்குள் ஒரு கருத்தை விளக்கும் பயிற்சியை அது பலருக்குத் தந்தது என்பேன்.

8. துண்டாக்குதல்

மூன்றாவது வழிக்கு வருவோம். 2009-இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோனுக்காக ஒரு முறையை வெளியிட்டது. காணொளியைப் பத்துப் பத்து நொடித் துண்டுகளாக வெட்டுவது. ஒவ்வொரு துண்டையும் உயர்தரம், நடுத்தரம், தாழ்தரம் எனப் பல தரங்களில் ஆக்கி வைப்பது. பார்ப்பவரின் கைப்பேசி ஒவ்வொரு துண்டையும் கேட்பதற்கு முன் தன் இணைப்பின் வேகத்தை அளந்து பார்க்கும். வேகம் இருந்தால் உயர்தரத் துண்டைக் கேட்கும். இல்லையேல் தாழ்தரத் துண்டைக் கேட்கும். படம் சற்று மங்கும், ஆனால் நிற்காது. இதே கருத்தில் 2012-இல் டேஷ் என்னும் பொதுத்தரமும் வெளியானது.

இதனால் நேரலைக்கும் சேமித்த காணொளிக்கும் இருந்த வேறுபாடும் சுருங்கியது. சேமித்த காணொளி எழுதி முடித்த நூல். நேரலையோ எழுத எழுதப் பக்கம் பக்கமாக வெளியிடப்படும் நூல். அவ்வளவே. ஒவ்வொரு துண்டும் சாதாரணக் கோப்பாகையால் முன்சொன்ன அக்கம்பக்கக் கடைகளிலேயே அதையும் வைக்கலாம். ஒரு விலை மட்டும் உண்டு. துண்டு முழுதாகி, அனுப்பப்பட்டு, மூன்று துண்டு சேர்ந்த பிறகே காட்டினால் 30 நொடி பின்தங்கும். தொலைக்காட்சி வைத்திருக்கும் பக்கத்து வீட்டார் "கோல்!" என்று கூச்சலிட்ட பிறகும் நம் கைப்பேசியில் பந்து நடுத்திடலில் இருப்பது இதனால்தான்.

இம்மூன்று வழிகளும் சேர்ந்தபோது கூட்டம் பெருகியது. 2009 ஜனவரி 20 அன்று அதிபர் ஒபாமா பதவியேற்றபோது அகமாய் வழியே மட்டும் ஒரே நேரத்தில் 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட தாரைகள் சென்றன. 2012 அக்டோபர் 14 அன்று பெலிக்ஸ் பாம்கார்ட்னர் விண்ணின் விளிம்பிலிருந்து குதித்ததை 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் யூடியூப்பில் ஒருசேரக் கண்டனர். 2023 நவம்பர் 19 அன்று உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டத்தை இந்தியாவின் ஹாட்ஸ்டார் தளத்தில் ஒரே நேரத்தில் 5 கோடியே 90 இலட்சம் பேர் பார்த்தனர்.

கூட்டத்தைத் தாங்க முடியாத நாளும் வந்தது. 2020 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் கேட்டுக்கொண்டதற்கு இணங்க நெட்பிளிக்ஸ் தன் படங்களின் அடர்த்தியைக் குறைத்தது. யூடியூப் உலகெங்கும் இயல்புநிலைத் தரத்தைத் தாழ்த்தியது. தரத்தைக் குறைத்தது தோல்வி அன்று. இருப்பதைப் பலரும் பங்கிட்டுக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது.

9. என் பிழை

இனி நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

அந்த நாள்களில் நான் நாள்தோறும் ஒரு மணி நேரம் நேரலை வகுப்பு நடத்தினேன். எல்லாரும் படக்கருவியைத் திறந்து வைக்க வேண்டும் என்பது என் கட்டளை. மாணவன் ஒருவன் மட்டும் அடிக்கடி மறைவான். அவன் படம் உறைந்து நிற்கும். கேள்வி கேட்டால் விடை வராது. மூன்று வாரம் பார்த்தேன். ஒருநாள் எல்லார் முன்னிலையிலும், "பாடத்தில் நாட்டமில்லை என்றால் ஏன் வருகிறாய்?" என்று கடிந்துகொண்டேன். மறுநாள் முதல் அவன் வரவில்லை.

ஜூலையில் பள்ளி திறந்ததும் அவனை அழைத்துக் கேட்டேன். வீடு செம்பனைத் தோட்டத்தின் உள்ளே. இருப்பது அம்மாவின் கைப்பேசி ஒன்றே. அதில் முன்கட்டணத் தரவு. தலை குனிந்தபடி சொன்னான்: "ஐயா, நீங்க பேசுனது எனக்குக் கேட்டுச்சு. நான் பேசுனதுதான் உங்களுக்குக் கேக்கல."

வரலாற்றைப் படித்த பிறகே அச்சொற்களின் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது. உரையாடல் வகுப்பில் பீப்பாய் வைக்க முடியாது. முப்பது நொடி பின்தங்கினால் உரையாடல் ஏது? ஆகவே இணைப்பு சற்று தளர்ந்தாலும் குரல் அறுபடும். அக்கம்பக்கக் கடையும் இங்கே உதவாது. இப்போது பிறக்கும் பேச்சை முன்கூட்டியே இறக்கி வைப்பது எப்படி? மேலும், நம் இணைப்புகளில் பெரும்பாலானவற்றில் இறங்கும் வழி அகலம். ஏறும் வழி குறுகல். படக்கருவியைத் திறக்கச் சொன்ன என் கட்டளை அவனுடைய மிகக் குறுகிய வழியில் மிகப் பெரிய சுமையை ஏற்றியது. முப்பதாண்டுகளாக அறிஞர்கள் கண்ட மூன்று வழிகளையும் விலக்கிவிட்டு, நலிந்த இணைப்பு உடையவனுக்கு மிகக் கடினமான முறையை நான் தேர்ந்தெடுத்திருந்தேன். பின்னர் அவனைக் குற்றவாளியும் ஆக்கினேன்.

2020 ஜூனில் சபா மாநிலத்தில் ஒரு மாணவி இணையவழித் தேர்வெழுத மரத்தின்மேல் ஏறி அமர்ந்த காணொளியை நாடே பார்த்தது. நானும் பார்த்து மனம் வருந்தினேன். என் வகுப்பிலேயே ஒரு மரம் இருந்ததை அப்போது நான் அறியவில்லை.

அந்த மாணவனிடம் வகுப்பின் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டேன்.

10. நாம் செய்யத்தக்கவை

2021 பிப்ரவரி 17 அன்று நம் கல்வி அமைச்சின் டிடிக் டிவி தொடங்கப்பட்டது. ஐம்பதாண்டு பழைய கோபுர முறை மீண்டும் தேவைப்பட்டது எதனால்? அங்கே கடைசிப் பிள்ளைக்கும் முதற்பிள்ளைக்கும் ஒரே அலைதான் வருகிறது. புதியது வந்ததும் பழையதை எறிந்துவிட வேண்டியதில்லை என்பதே பாடம்.

பள்ளி மூடும் நாள் மீண்டும் வரலாம். வெள்ளக் காலத்தில் நாம் பார்க்கிறோம். ஆகவே என் பட்டறிவில் கண்ட சிலவற்றை முன்வைக்கிறேன்.

ஆசிரியர்களுக்கு:

- விளக்கத்தைப் பதிவு செய்து அனுப்புங்கள். நேரலையைக் கேள்வி பதிலுக்கு மட்டும் வையுங்கள். அரை மணி நேரம் போதும்.
- ஒரு கருத்துக்கு ஒரு காணொளி. பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். நொடிக்கு 2 மெகாபிட் கொண்ட 10 நிமிடக் காணொளி 150 மெகாபைட் ஆகும். 600 கிலோபிட் என்றால் 45 மெகாபைட்டே. 48 கிலோபிட் ஒலிப்பதிவு 4 மெகாபைட்டுக்கும் குறைவு. காப்பிக் குடுவையை நினைத்துக்கொள்ளுங்கள். செய்யுள் விளக்கத்துக்கு என் முகம் தேவையா, குரல் போதுமா?
- எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். தாழ்தரத்திலும் படிக்க முடிய வேண்டும்.
- படக்கருவியைத் திறப்பதை விருப்பமாக விடுங்கள். வருகையைச் செய்த பயிற்சியைக் கொண்டு அறியுங்கள்.

பெற்றோர்களுக்கு:

- இணைப்பு நன்றாக இருக்கும் வேளையில் பாடத்தை இறக்கி வைத்துக்கொடுங்கள். அதுவே நம் வீட்டுப் பீப்பாய்.
- காணொளியின் தரத்தைக் குறைத்து வைக்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள்.
- இணைப்புக் குறை இருந்தால் தயங்காமல் ஆசிரியரிடம் கூறுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூறாவிட்டால் என்னைப்போன்ற ஆசிரியர் தவறாக எண்ணிவிடக்கூடும்.

காணொளியை 5 கோடிப் பேருக்கு ஒருசேர அனுப்பும் ஆற்றலை உலகம் பெற்றுவிட்டது. அந்த ஆற்றல் வளர்ந்தது வலிமையான இணைப்புகளை மட்டும் நம்பியன்று. நலிந்த இணைப்பு உடையவரும் பார்க்க வேண்டும் என்று எண்ணியவர்களால் வளர்ந்தது. நம் வகுப்பில் மிகக் குறுகிய வழியில் நின்று நம்மைப் பார்ப்பவர் யார்? ஒவ்வொரு பாடத்துக்கும் முன் இந்தக் கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோமா?

உங்கள் பட்டறிவையும் மற்ற ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள். மற்றொரு கட்டுரையில் சந்திப்போம்.